சுரங்கம் மூடிய பிறகு மண்மேடு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா நிலக்கரி குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். சுரங்கம் வந்தால் எவ்வளவு நிலம் போகும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை விரிவாகப் பேசிய அக்கட்டுரை, கரி தீர்ந்து நிறுவனம் கிளம்பிய பிறகு அந்த ஊர் என்னவாகும் என்ற கேள்விக்குள் போகவில்லை. உரத்தநாடு வட்டத்தில் புது ஆற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் சாகுபடி செய்பவன், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்றொரு சுரங்கத்து ஊர் உண்டு. அங்கிருந்த சுரங்கத்தில் கரியோடு சேர்ந்து வந்த கழிவுக்கல்லையும் சேற்றையும் ஊருக்கு மேலே மலைச்சரிவில் மேடு மேடாகக் குவித்து வந்தார்கள். 1958இல் கொட்டத் தொடங்கிய ஏழாவது மேடு, நீரூற்றுகள் கிளம்பும் இடத்தின் மேலேயே எழுந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரிச்சேறு கொட்டுவது ஆபத்து என்று 1963இலேயே உள்ளாட்சிப் பொறியாளர் கடிதம் எழுதியிருந்தார். 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணியளவில், பல நாள் மழையில் ஊறியிருந்த அந்த மேடு சரிந்து வந்து பான்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். காலை வணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்பில் உட்காரும் அந்த நேரம் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவன் என்பதால், இந்தச் செய்தியை ஒரே மூச்சில் என்னால் படிக்க முடிந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் பாடமாகக் கொள்ள வேண்டியது. விசாரணை ஆணையம் 1967இல், சுரங்கத்தை நடத்திய அரசு நிறுவனமான தேசிய நிலக்கரி வாரியத்தின் மீதே பழியைச் சுமத்தியது. அப்படியிருந்தும், எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கென்று, பொதுமக்கள் அனுப்பிய நன்கொடையால் சேர்ந்த நிவாரண நிதியிலிருந்து 1,50,000 பவுண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக வந்த பணத்தைக் கொண்டு, பிள்ளைகளைக் கொன்ற மண்ணை அள்ளியிருக்கிறார்கள். அந்தத் தொகை 1997இல்தான், அதுவும் வட்டியில்லாமல், திரும்பி வந்தது. சுரங்கமோ 1989இலேயே மூடப்பட்டுவிட்டது.

இதைப் பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 பிப்ரவரிப் புயல்மழையில் அதே நாட்டின் டைலர்ஸ்டவுனில் இன்னொரு பழைய மேடு சரிந்தது. அதன் பிறகே கணக்கெடுத்துப் பார்த்ததில், கைவிடப்பட்ட கரிமேடுகள் 2,500க்கும் மேல் இருப்பது தெரிந்தது. அபர்வான் இருக்கும் அதே மெர்த்தர் டிட்வில் பகுதியில், நெய்வேலியைப் போலத் திறந்தவெளியில் வெட்டிய ஒரு சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டபோது, குழியைத் தூர்த்து நிலத்தைச் சீராக்க ஒதுக்கி வைத்திருந்த தொகை ஒன்றரைக் கோடி பவுண்டுதான். தேவைப்படும் செலவின் மதிப்பீடு அதைப்போலப் பல மடங்கு.

நெய்வேலி நமக்கு வெளிச்சம் தந்த ஊர். 1957இல் வெட்டத் தொடங்கிய அந்தச் சுரங்கத்தால் வேலை பெற்று நிமிர்ந்த குடும்பங்கள் எங்கள் உறவிலும் உண்டு. ஆனால் அதற்கு முன்பு அந்தப் பகுதியின் சில ஆழ்துளைக் கிணறுகளில் நீர் தானாகவே பொங்கி வழிந்தது என்பதும் வரலாறுதான். கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் அந்த நீரை இரவு பகலாக இறைத்தால்தான் அங்கே கரி வெட்ட முடியும். அந்தப் பக்கம் போகிறவர்கள் மலைபோல் நிற்கும் மண்மேடுகளையும் பார்த்திருப்பார்கள். என்றைக்காவது கரி தீரும். பம்புகள் நிற்கும். அப்போது மேலெழும் நீரையும், மழையில் கரையும் அந்த மேடுகளையும் எத்தனை ஆண்டுகளுக்கு, யார் செலவில், யார் கவனிப்பார்கள்?

எங்கள் வடசேரிக்கும் இந்தக் கேள்வி உண்டு. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தஞ்சாவூர் மாவட்டம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். அப்படியிருந்தும் 2023இல் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்குச் சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்று டெல்டாப் பகுதிகளும் இடம்பெற்றன. எதிர்ப்பு எழுந்ததும், அவை நீக்கப்படும் என்று ஒன்றிய அமைச்சர் ஏப்ரலில் அறிவித்தார். அதற்கு நன்றியுடையவர்களாகவே இருக்கிறோம். ஆனால் பட்டியலிலிருந்து பெயரைத்தான் எடுத்திருக்கிறார்கள், மண்ணுக்கடியில் கரி அப்படியே இருக்கிறது.

2009 முதல் நம் நாட்டிலும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும், அதற்கெனத் தனி வைப்புத்தொகையும் வேண்டும் என்ற விதி இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றுக்கும் அந்தத் திட்டம் என்ன சொல்கிறது, இதுவரை சேர்ந்திருக்கும் தொகை எவ்வளவு, மண்மேடுகளின் உறுதியைச் சோதிப்பது யார் என்பதைத் தமிழில் அச்சிட்டு, சுற்றியுள்ள ஊராட்சிகளின் கிராமசபைகளில் வைக்கச் சொல்லி அரசை வலியுறுத்த வேண்டும். தங்கள் செய்தியாளர்கள் அந்தக் கணக்கை விசாரித்து இதழில் வெளியிட்டால், எங்கள் ஊர்க் கிராமசபையில் அதை நானே எழுந்து வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
உரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.