ஞாயிறு வாசிப்பு: தாய்மையும் அதிகாரமும்

நாகர்கோவில் வாசிப்புக் குழுவினருக்கு,

இந்த ஞாயிறு வங்க எழுத்தாளர் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' (1905), அமெரிக்க எழுத்தாளர் கில்மனின் 'ஹெர்லேண்ட்' (1915). இரண்டும் பெண்கள் ஆளும் கற்பனை உலகங்கள். ரொக்கையாவின் கதை சின்னது, ஒரே மூச்சில் முடிந்துவிடும். அங்கே பெண்ணின் பலம் தாய்மை அல்ல. பல்கலைக்கழகமும், சூரிய வெப்பத்தைத் திரட்டும் கருவியும்.

கில்மனிடம் நேர்மாறு: ஆணில்லா நாடு, தானாகவே கருத்தரிப்பு, தாய்மையே மதம். சொர்க்கம் என்று மயங்கிவிடாதீர்கள். யார் பெறலாம், யார் பெறக்கூடாது, பெற்றவளே வளர்க்கலாமா என்று தீர்மானிக்கும் பத்திகளைப் பென்சிலால் குறித்து வாருங்கள். அவசர வாசிப்பில் நழுவிப்போவது அவைதான்.

கூடவே நம்ம தேரூர் கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்'. கற்பனை உலகம் இல்லைதான். ஆனால் வம்சம் தாய்வழி, சாவிக்கொத்து காரணவர் (குடும்பத் தலைவரான தாய்மாமன்) இடுப்பில்! சொத்து மருமகனுக்கு (சகோதரியின் மகனுக்கு), மனைவி புலம்புகிறாள். தாய்வழி என்றாலே பெண்ணாட்சி என்பவர்கள் முதலில் இதைப் படிக்கவும்.

பிரதி இல்லாதவர்கள் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.