ஒபாவும் சார்க்கியும் ஒருவரல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான நைஜீரியத் திருவிழாக்கள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் குதிரைமேல் வீற்றிருக்கும், வடக்கிலுள்ள கானோ நகர அரசரின் படத்துக்கும், பாசிமணி கோத்த முடி அணிந்த, தென்மேற்கின் யொருபா இன அரசரின் படத்துக்கும் 'பழங்குடித் தலைவர்' என்று ஒரே குறிப்பை இட்டிருந்தது மனத்தை வருத்தியது. 1980களின் தொடக்கத்தில் மூன்றாண்டுகள் கானோவில் கணித ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

யொருபா அரசரை ஒபா என்பார்கள். யொருபாக்களின் புனித நகரான இலே-இஃபேயில் தோன்றிய மூதாதை ஒடுதுவாவின் வழிவந்தவர்கள் எனப்படும் பேரரசர்களின் முடியிலிருந்து மணிச்சரங்கள் முகத்தை மறைத்துத் தொங்கும். அத்தனை புனிதம் உடையவராயினும் ஒபா தம் விருப்பப்படி ஆண்டவர் அல்லர். பழைய யொருபா அரசான ஓயோவில் ஓயோ மெசி என்னும் அவை அரசரை ஏற்க மறுத்துவிட்டால், அவர் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பழைய மரபு. வடக்கே வாழும் ஹவுசா இனத்தாரின் அரசர் சார்க்கி. 1804இல் ஃபுலானி இன இஸ்லாமிய அறிஞர் 'உஸ்மான் தான் ஃபோதியோ' தொடங்கிய போரையடுத்து கானோவில் ஃபுலானி மரபினர் அரியணை ஏறியபோதும், அந்த ஹவுசாப் பட்டப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

கட்டுரையாளர் 'தர்பார்' என்றே குறிப்பிடும் விழாவை அந்த ஊரார் 'ஹவன் சல்லா' என்பார்கள். பெருநாள் குதிரையேற்றம் என்று பொருள். தர்பார் என்ற சொல்லை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், நம் நாட்டில் அதைப் பழகியிருந்த ஆங்கிலேய ஆட்சியாளர்களே. நான் பார்த்த பெருநாளில், நீண்ட ககாகி எக்காளங்கள் முழங்க, ஒரு குதிரைக் கூட்டம் புழுதியைக் கிளப்பியபடி அரசர் அடோ பயேரோவை நோக்கி நாலுகால் பாய்ச்சலில் வந்தது. மோதிவிடுமோ என்று நெஞ்சு பதறிய கணத்தில் கடிவாளங்கள் இறுகின; குதிரைகள் சில அடிகள் முன்னால் நின்றுவிட, வீரர்கள் முட்டி மடக்கிய கையை உயர்த்தி வணங்கினார்கள். பக்கத்தில் நின்ற என் மாணவன் கண் கலங்கியிருந்தான். வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு அந்தக் கண்ணீர் வராது.

தெற்கே இஜெபு-ஓடேயில் பக்ரீத்துக்கு மூன்றாம் நாள் நடக்கும் ஒஜூதே ஒபா விழாவும் இத்தகையதே. அந்தப் பெயருக்கு அரசரின் முற்றம் என்று பொருள். தங்கள் சமயத்தைத் தடையின்றிப் பின்பற்ற இடந்தந்த அரசருக்கு நன்றி சொல்ல முஸ்லிம்கள் திரண்டதில் தொடங்கிய இந்த விழாவில், இன்று கிறித்தவர்களும் வயதுக் குழு வாரியாக ஒரே நிறத் துணி உடுத்தி அணிவகுக்கிறார்கள்.

நைஜீரியாவின் 1999 அரசமைப்பு இந்த அரசர்களுக்கு ஆளும் அதிகாரம் எதையும் தரவில்லை. மாநில அரசு நினைத்தால் அரியணையிலிருந்து இறக்கிவிடலாம். கானோவில் 2020இல் இறக்கப்பட்ட அரசர் சனுசி 2024இல் மீண்டும் அமர்த்தப்பட்டார். அவருக்கும், இடையில் அவர் இடத்தில் அமர்த்தப்பட்டிருந்த அமினு அடோ பயேரோவுக்கும் இடையிலான பிணக்கால் காவல்துறை குதிரை ஊர்வலத்துக்கே தடை விதித்தது. அதே 2024 டிசம்பரில்தான் யுனெஸ்கோ கானோ விழாவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

அடுத்த இதழில் படக்குறிப்புகளையாவது திருத்தி, ஒருவரை ஒபா என்றும் மற்றவரை சார்க்கி என்றும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருநெல்வேலி.