தேதியை எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா: மாணவர் ஊழிய கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மாணவர் ஊழிய கமிட்டியில இருக்கற அண்ணன்மாருக்கும் ஐயாமாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் யாருன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். சேலம் கருப்பூர் பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடற காலேஜ் ஸ்டூடண்ட்ஸ் ஜெபக்குழுவை நாலு வருஷமா பாத்துட்டு இருக்கேன், அதுக்கு முன்னாடி மூணு வருஷம் அதே குழுவுல ஸ்டூடண்டா இருந்தேன். நீங்க ஏற்காட்டுல ஸ்டூடண்ட்ஸுக்கு மூணு நாள் நடத்துன காம்ப்புல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், முழுக் கதையும் திரும்பச் சொல்லப் போறதில்லீங்க. வாட்ஸாப்புல ரெண்டு தடவை எழுதுனேன். ஒரு தடவை கைகூப்புற எமோஜி வந்துச்சு, இன்னொரு தடவை "ஜெபிப்போம் சிஸ்டர்"னு வந்துச்சு. ஜெபிங்க, வேணாங்கல. ஆனா காலண்டரைப் பாத்திருந்தாலே தீர்ந்திருக்கற விஷயத்தை எதுக்கு ஆண்டவர் தலையில கட்டணும்? அதான் எல்லாரும் பாக்கற மாதிரி எழுதறேன்.

கேக்கறது ஒண்ணுதான். காம்ப்போட தேதி, டைம், ஃபீஸ் இதை ஸ்டூடண்ட்ஸ் முடிவு பண்ணட்டும்.

எங்க குழுவுல இருந்து ஒன்பது பேர் வந்தோம். அதுல ஒரு பொண்ணு, பேர் வேண்டாம், ஜலகண்டபுரம் பக்கம், அப்பா தறி ஓட்டறாரு, அந்த வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு இவதான். சர்ச் குடும்பம் கிடையாது. ரூம்மேட் கூட வந்து பின்னாடி உக்காந்து கேட்டுட்டுப் போயிட்டு இருந்தவ, ஆறு மாசம் கழிச்சுத்தான் முதல் கேள்வியே கேட்டா. அவளுக்கு திங்கக்கிழமை காலையில இன்டர்னல் பரீட்சை. அவளுக்கு மட்டுமில்ல, எங்க கூட வந்த ஒன்பது பேர்ல ஆறு பேருக்கு அந்த வாரம் இன்டர்னல்தான். எந்த ஃபர்ஸ்ட் இயர் பையனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். ஆனா தேதி முடிவானது சென்னையில இருந்து வர்ற ஸ்பீக்கரோட டைரியைப் பாத்து.

சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் ஃப்ரீ டைம்னு புரோகிராம் ஷீட்டுல நீங்களேதான் போட்டிருந்தீங்க. அவ வெளிய போயி, மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரத்தடியில, செருப்பைக் கழட்டிப் போட்டு அது மேல உக்காந்து, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நோட்டைத் தொடையில வெச்சுக்கிட்டு கணக்குப் போட்டுட்டு இருந்தா. பனியில தாள் நமுத்துப் போயி பேனா பிடிக்கவே மாட்டேங்குது, பேனா முனையை ஊதி ஊதி எழுதறா. அந்த வழியா வந்த நம்ம பெரியவர் ஒருத்தர் நோட்டை வாங்கி மூடி கக்கத்துல வெச்சுக்கிட்டு, "மூணு நாள் தேவனுக்குக் குடுக்க முடியலையாம்மா, இந்தப் படிப்பு உன்னைப் பரலோகம் கூட்டிட்டுப் போகுமா"ன்னு கேட்டாரு. அந்த நோட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் அவ கைக்குத் திரும்ப வந்துச்சு.

ஐயா, பைபிள்ல தானியேல் முதல் அதிகாரத்தை நாம எத்தனை காம்ப்புல எடுத்திருக்கோம்? சிறைபிடிச்சுட்டுப் போன பாபிலோன் ராஜாவோட சாப்பாடு வேண்டாம்னான், அது மட்டும் நமக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதே தானியேல் கல்தேயர் எழுத்தையும் பாஷையையும் மூணு வருஷம் உக்காந்து படிச்சான், பரீட்சையில மத்தவங்களை விட பத்து மடங்கு கெட்டிக்காரனா நின்னான்னும் அதே அதிகாரத்துலதான் இருக்கு. மூணு வருஷம், நம்ம டிகிரி கணக்குதான். அவன் நோட்டை யாரும் புடுங்கல.

ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு முடியும்னு சொல்லியிருந்தீங்க. அதை நம்பி நான்தான் அவங்க அப்பாவுக்கு போன் பண்ணி, ஏழு மணிக்குள்ள ஹாஸ்டல்ல விட்டுடறேங்கண்ணான்னு சொன்னேன். மூணு மணிக்கு, இயேசுவுக்கு ஒப்புக்குடுக்கறவங்க கையைத் தூக்குங்கன்னு ஒரு தடவை சொன்னாங்க, நாலரைக்கு இன்னொரு தடவை, கை பத்தலைன்னு லைட்டைக் குறைச்சு கீபோர்டு வாசிச்சு மூணாவது தடவை. ஒப்புக்குடுத்ததா எல்லாரும் கார்டு எழுதி முடிக்கறப்போ ஆறரை. நாங்க பாத்து வெச்சிருந்த பஸ் போயிடுச்சு, அடுத்த பஸ்ல நிக்கறதுக்கே இடமில்ல, இருபது கொண்டை ஊசி வளைவும் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னுட்டே இறங்குனோம், ரெண்டு பிள்ளைங்க வாந்தி. புது பஸ் ஸ்டாண்ட் வந்து ஹாஸ்டல் போய்ச் சேர்றப்போ பத்து மணி ஆயிடுச்சு, கேட்டு பூட்டியாச்சு. வார்டன் அவங்க அப்பாவுக்கு போன் போட்டு, அவர் தறியை நிறுத்திட்டு யார் வண்டியையோ கேட்டு வாங்கிட்டு வந்து சேர்ற வரைக்கும் அவ கேட்டுக்கு வெளியதான் நின்னா. நானும் பக்கத்துலதான் நின்னேன். அவர் என்னைத் திட்டல. "படிக்க அனுப்புன பிள்ளைங்கம்மா"ன்னு மட்டும் சொன்னாரு. அந்த ஆளு ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மெசேஜ் வந்துச்சு: "அக்கா இனிமே வரல, அப்பா பாவம்."

இதுல வேதனை என்னன்னா, நீங்க அனுப்புன ரிப்போர்ட்டுல "மகிமையான முகாம்"னு போட்டு, ஒப்புக்கொடுத்தவங்க இத்தனை பேர்னு ஒரு நம்பர் இருக்கே, அந்த நம்பர்ல அவளும் ஒருத்தி. கார்டு எழுதினாதானே வெளிய விட்டாங்க. தாவீது ராஜா ஜனத்தை எண்ணப் போயி கொள்ளைநோய் வந்த கதையை உங்களுக்கு நான் சொல்லணுமா.

நம்ம மெம்பர்ஷிப் கார்டுக்குப் பின்னாடி நோக்கம்னு நாலு அச்சடிச்சிருக்கு: சுவிசேஷம் சொல்றது, சீஷராக்கறது, ஐக்கியம், மிஷனெரி தரிசனம். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல, இது மாணவர்களால மாணவர்களுக்காக நடக்கற ஊழியம்னு ஒரு வரி. அந்தச் சின்ன எழுத்துதாங்க விஷயமே, அது இல்லைன்னா மேல இருக்கற நாலையும் எந்தச் சபை வேணாலும் செய்யுமே, தனியா நாம எதுக்கு? 1806-ல அமெரிக்காவுல வில்லியம்ஸ் காலேஜ் பசங்க அஞ்சு பேர் இடிமழைக்கு வைக்கோல்போர் ஓரமா ஒதுங்கி ஜெபிச்சாங்க. அதுல ஆரம்பிச்சுத்தான் 1810-ல அமெரிக்கன் போர்டுங்கற மிஷனெரி சங்கம் வந்துச்சு, அந்த போர்டுதான் 1834-ல மதுரைக்கு மிஷனெரிகளை அனுப்புச்சு. அந்த அஞ்சு பேருக்கு யாரும் தேதி குறிச்சுக் குடுக்கல, கார்டும் நீட்டல. நம்ம நாட்டுல எஸ்.சி.எம். 1912-ல வந்துச்சு, யு.இ.எஸ்.ஐ. 1954-ல வந்துச்சு, ரெண்டும் கிறிஸ்தவ மாணவர் இயக்கம், ரெண்டும் நாம இல்ல, ஆனா அங்கயும் பேச்சு மாணவரைச் சுத்தித்தான். நம்ம ஃப்ளெக்ஸ்ல மட்டும் ஏன் அம்பது வயசுக்குக் கீழ ஒரு மூஞ்சி கூட இல்ல?

ஐக்கியம்னா என்னன்னு தெரியணும்னா ஒரு வெள்ளிக்கிழமை எங்க கூட வாங்க. குழு முடிஞ்சு தட்டுவடை செட்டு வண்டிக்கிட்ட நிப்போம், ஒரு பிளேட்டை மூணு பேர் பிரிச்சுக்குவாங்க, அரியர் வெச்சவன் அழுவான், அங்கதான் ஒருத்தன் இன்னொருத்தனுக்காக ஜெபிக்கறதை நான் பாத்திருக்கேன். அந்த பொண்ணு முதல் கேள்வி கேட்டதும் வாயில பீட்ரூட் துருவலோட அங்க நின்னுதான். மைக் கிடையாது, கீபோர்டு கிடையாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், வயித்துல வெச்சுக்க முடியல. சபை பேதமில்லைன்னு மேடையில சொல்லிட்டு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளை ஓரமா கூப்பிட்டு குழந்தையில வாங்குன உங்க ஞானஸ்நானம் செல்லாதுன்னு சொல்ற அண்ணன்மாரு இருக்காங்க. ஜாதி பாவம்னு பிரசங்கம் பண்ணிட்டு, பையனுக்குப் பொண்ணு பாக்கறப்போ மட்டும் "நம்ம ஆளுங்கதானே"ன்னு விசாரிக்கற ஐயாமாரும் இருக்காங்க. பிள்ளைங்க எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருக்குங்க, கேக்கறதில்ல, அவ்வளவுதான்... சரி, இதை ஆரம்பிச்சா இன்னொரு மடல் ஆயிடும்.

மன்னிச்சுக்குங்க, கோவத்துல வார்த்தை கொஞ்சம் நீண்டிருக்கலாம். என்னை வேதம் படிக்க வெச்சதே உங்கள்ல ரெண்டு பேருதான், மறக்கல. அதனால தாழ்மையாவே கேக்கறேன். அடுத்த காம்ப்போட தேதி, டைம், ஃபீஸ் ஸ்டூடண்ட்ஸ் முடிவு பண்ணட்டும். மூணு மணின்னா மூணு மணிக்கு முடிங்க, ஆவியானவர் நாலு மணிக்கு மேலதான் வருவாருன்னு எங்கயும் எழுதல. அப்புறம், அந்த நோட்டை வாங்கின ஐயா ஒரு தடவை ஜலகண்டபுரம் வந்து அந்த அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும். பஸ் செலவு என்னோடது, கூட நானும் வர்றேன்.

அடுத்த கமிட்டி மீட்டிங்குக்கு ஒரு செகண்ட் இயர் பொண்ணையும் ஒரு ஃபைனல் இயர் பையனையும் கூட்டிட்டு வர்றேன். இன்டர்னல் டைம்டேபிளும் கையில இருக்கும். ரெண்டு சேர் சேத்துப் போட்டு வைங்க அண்ணா.

இப்படிக்கு,
கருப்பூர் ஜெபக்குழுவுல இருந்து உங்க பழைய மாணவி