பல்கலைக்கழக நூலகங்களில் கிடக்கும் தமிழ்க் கையெழுத்துத் தாள்களை வாசித்துப் பட்டியலிட ஆள் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர்,
சட்ஸ்வர்த், டர்பன்,
குவாசுலு-நட்டால்.

பெறுநர்:
தேசிய ஆவணக் காப்பாளர் அவர்கள்,
தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம்,
பிரிட்டோரியா.

நகல்: குவாசுலு-நட்டால் மாகாண ஆவணக் காப்பகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்.

பொருள்: பல்கலைக்கழக நூலகங்களுக்குக் குடும்பங்கள் கொடுத்த தமிழ்த் தாள்களைத் தேசியப் பதிவேட்டில் சேர்ப்பது, அவற்றை வாசிக்கத் தெரிந்தவரை நியமிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆங்கிலப் படி ஒன்றைப் பின்னால் வைத்திருக்கிறேன், தங்கள் அலுவலகத்துக்குச் சிரமம் இராது. ஆனாலும் முதல் பக்கம் தமிழில் இருக்கட்டும் என்று நினைத்தேன். தபாலைப் பிரிக்கிறவர் கையில் எடுத்ததும், தாளை நேராகப் பிடித்திருக்கிறோமா தலைகீழாகவா என்று ஒரு நொடி யோசிப்பார். எங்கள் மாகாணத்துப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் என் தாத்தாவின் தாள்கள் ஏறக்குறைய நாற்பது வருடமாக அந்த நிலையில்தான் இருக்கின்றன.

தாத்தாவுக்கு டர்பன் மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை. மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தார். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, பாரக்ஸ் ஆட்கள் சேர்ந்து நடத்திய சாவுப் பண்டுக்குக் கணக்கு எழுதுவார். இனவாரி வாழிடச் சட்டத்தின்படி 1960களில் பாரக்ஸைக் காலி செய்து எல்லோரையும் சட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். லாரியில் இடமில்லை என்று ஆயா பித்தளை அண்டாவைக்கூட விற்றுவிட்டார். தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியை மட்டும் விடவில்லை. 1980களில் என் அப்பா அந்தப் பெட்டியோடு தாள்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். “வீட்டில் வைத்தால் கரையான் தின்னும், அங்கே இருந்தால் படித்தவர்கள் பார்ப்பார்கள்” என்பது அவர் கணக்கு. கரையான் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தாள்களைப் பார்க்கப் போனேன். பையை வெளியே வைத்துவிட்டுப் பென்சில் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், பேனா கூடாது. நல்ல விதி. அமிலம் இல்லாத அட்டைப் பெட்டி, குளிரூட்டிய அறை, துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டுத் துணி நாடா கட்டியிருந்தார்கள். டர்பன் கடற்காற்றில் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்திருந்தால் இந்நேரம் பூஞ்சை பிடித்து ஒட்டிப் போயிருக்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில், ‘தமிழ்ப் பக்திப் பாடல்கள், காலம் தெரியவில்லை’ என்று இருந்தது.

நோட்டைத் திறந்ததும் காரணம் புரிந்தது. முதல் பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி. கீழே ‘முருகன் துணை’. அதற்குக் கீழே விநாயகர் துதி இரண்டு வரி. எந்தக் காலத்திலோ யாரிடமோ காட்டிக் கேட்டிருக்கிறார்கள், அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். கணக்கு நோட்டு தொடங்கினாலும் கடிதம் தொடங்கினாலும், ஏன், மளிகைச் சீட்டு எழுதினாலும் எங்கள் ஆட்கள் பிள்ளையார் சுழி போடாமல் ஆரம்பிக்க மாட்டார்கள். அதைப் பார்த்துப் பக்திப் பாடல் என்று முடிவு கட்டினால் தமிழர் எழுதிய எல்லாமே பக்திப் பாடல்தான்.

இரண்டாம் பக்கத்திலிருந்து கணக்கு. ஒரு பத்தியை அப்படியே சொல்கிறேன்: ‘காளயுக்தி ௵ ஐப்பசி ௴ ௰௩ ௳’ என்று தேதி (௵ வருடம், ௴ மாதம், ௳ நாள்). அடுத்து இறந்தவர் பெயர், எந்த வரிசை வீடு, பற்றுக்கு ௶ போட்டுச் சவப்பெட்டிக்கு இத்தனை பவுன், வண்டிக்கு இத்தனை சில்லிங், வரவுக்கு ௷ போட்டு யார் யார் எவ்வளவு கட்டினார்கள். அதே தேதியில் கீழே ‘மேற்படி’ என்பதற்கான ௸ குறி, இன்னொரு பெயர். அதற்கும் கீழே மூன்றாவது பெயர். புள்ளி வைக்காத பழைய எழுத்து. ‘௰’ என்றால் பத்து. பார்க்க ‘ய’ போலவே இருக்கும். படம் எடுத்துப் போய் என் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினேன். நன்றாகத் தமிழ் வாசிக்கிற பெண் ஒருத்தி, “ய மூணுன்னா என்ன தாத்தா?” என்றாள். அது பதின்மூன்று. காளயுக்தி ஐப்பசி 13 என்றால் 1918 அக்டோபர் கடைசி வாரம்.

தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த அக்டோபரில்தான் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற விஷக்காய்ச்சல் இந்த நாட்டைச் சூறையாடியது. தென்னாப்பிரிக்கா முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் செத்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். டர்பன் நகரின் குப்பையை அள்ளிய மக்கள் எப்படிச் செத்தார்கள், எவர் எவரைப் புதைத்தார்கள், அந்தச் செலவை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்று அவர்களில் ஒருவரே அன்றன்றைக்கு எழுதி வைத்த நோட்டு அது. மருத்துவ வரலாறு படிக்கும் மாணவர் அதைத் தேடினாலும் கிடைக்காது. பக்திப் பாடல்களில் போய் யார் காய்ச்சலைத் தேடுவார்கள்?

இதில் நூலகர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, அந்த நூலகத்தின் பெயரையும் அதனால்தான் எழுதவில்லை. பெட்டியை எடுத்துக் கொடுத்தவர் சுலு பேசும் இளம்பெண். என்னைப் “பாபா” (சுலுவில் அப்பா) என்றுதான் அழைத்தார். நான் வாசிக்க வாசிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால், இது மரணப் பண்டுக் கணக்கு, 1918 என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். பட்டியலை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. மொழி தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் அப்படி ஒருவர் அங்கே இல்லை. இன்றைய தேதிக்கு என் தாத்தாவின் நோட்டுக்கு உள்ள ஒரே சரியான விவரம் அந்தத் துண்டுச் சீட்டு. அது கீழே விழுந்துவிட்டால் மறுபடியும் பக்திப் பாடல்தான்.

இன்னொன்று. பெட்டியில் இருந்தவற்றைப் பிரித்துவிட்டார்கள். படங்கள் படப் பிரிவுக்குப் போய்விட்டன. கூலி ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுன் தலைவரியைக் கட்டிய ரசீதுகள் ஆங்கிலத்தில் இருந்ததால் அவை வேறு அடுக்குக்கு. வாசிக்க முடியாத மிச்சம் மட்டும் ‘தமிழ்’ என்று தனியே. தாத்தா ஒவ்வொரு ரசீதையும் அந்த வருடத்துக் கணக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருந்ததை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். 1914இல் அந்த வரி நீங்கியதும் ரசீது நின்று போகும். பக்கத்தோடு பார்த்தால்தான் அந்தக் குடும்பங்களுக்கு எப்போது மூச்சு வந்தது என்று தெரியும். வந்த அடுக்கைக் கலைக்கக் கூடாது என்பது ஆவணத் துறையின் அரிச்சுவடி. மொழி தெரியாதபோது அந்த அடுக்கே கண்ணுக்குத் தெரிவதில்லை.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து வந்து இறக்கியவர்கள் முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் கப்பல் பதிவேட்டில் ஒரு வரி உண்டு: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. இன்று பூர்வீக ஊரைத் தேடுகிறவர்கள் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள், நானும் போனேன். ஆனால் அது எங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது. நாங்களே எழுதியவை கடிதங்கள், பண்டுக் கணக்குகள், கோயில் கமிட்டிக் குறிப்புகள், தெருக்கூத்து நோட்டுகள். வீட்டுக்கு வீடு பரணில் கிடந்து, பாதி குப்பைக்குப் போய், தப்பிய கொஞ்சம்தான் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. எங்கள் முன்னோர் ஊரில் ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விட்டார்கள் என்று படித்திருக்கிறோம். இங்கே அம்கேனி ஆறு பக்கத்தில் ஓடியும் அந்தத் தாள்களை விடாமல் வைத்திருந்தார்களே, அதற்காவது மரியாதை செய்யலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான்.

தனியார் வசமும் பல்கலைக்கழகங்கள் வசமும் உள்ள முக்கியமான ஆவணங்களுக்குத் தேசியப் பதிவேடு ஒன்றைத் தங்கள் அலுவலகம் வைத்து வருகிறது. அதில் இந்த மாகாணத்துத் தமிழ்த் தாள்களைச் சேர்க்க ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அதற்குப் பழைய கையெழுத்தும் தமிழ் எண்களும் தமிழ் மாதங்களும் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். நிரந்தரப் பணியிடம் முடியாதென்றால் ஒப்பந்த அடிப்படையிலாவது அமர்த்துங்கள் (ஒப்பந்தம் எங்களுக்குப் புதிதல்ல). சும்மா வந்து வாசிக்க நானே தயார், சில நண்பர்களும் தயார். ஒரு காலத்தில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் நாங்கள் எல்லோரும் மாத்திரை டப்பாவோடு நடமாடுகிறவர்கள். எங்களை நம்பி ஒரு வேலையைத் தொடங்கலாம், நடத்த முடியாது. எங்கள் கண் பார்வை இருக்கும்போதே இளையவர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சந்தேகமான எழுத்துகளைச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குப் படமாக அனுப்பிக் கேட்கலாம்.

இரண்டாவது, படியெடுப்பு. 2021 ஏப்ரல் 18 அன்று கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் வாசிப்பறை எரிந்ததை நாடே பார்த்தது. டர்பன் அருகே காந்தி தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியேற்றம் 1985இல் சூறையாடப்பட்டதை எங்கள் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது ஆபத்து. ஸ்கேன் செய்து வேறொரு ஊரில் ஒரு படி வைக்க வேண்டும். ஆனால் இணையத்தில் ஏற்றுமுன் கொடுத்த குடும்பத்தைக் கேளுங்கள். பண்டுப் பணம் கட்டாமல் டிமிக்கி கொடுத்தவர்கள் யார் யார் என்றும் தாத்தா எழுதி வைத்திருக்கிறார். அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள், தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறார்கள்.

பிரித்த தாள்களை மறுபடி ஒன்றாகக் கொண்டுவர முடியாவிட்டாலும், எது எதோடு வந்தது என்று பட்டியலிலாவது காட்டச் சொல்ல வேண்டும்.

இவை சலுகையாகக் கேட்பவை அல்ல. 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளை வளர்ப்பதும் அவற்றுக்கு மதிப்புக் கிடைக்கச் செய்வதும் அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியத்தின் கடமை என்கிறது. அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. அந்த வாரியத்துக்கும் இதே மனுவை அனுப்புகிறேன். பொறுப்பு யாருடையது என்று இரண்டு அலுவலகங்களும் பேசி முடிவு செய்துகொண்டால் போதும்.

நோட்டின் நான்கு பக்கங்களை நூலக அனுமதியோடு படமெடுத்து, வரிக்கு வரி இன்றைய தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி இணைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயரை மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. மை பரவிவிட்டது.

திங்கள் முதல் வியாழன் வரை காலையில் எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். வெள்ளிக்கிழமை கோயிலில் வேலை, சனிக்கிழமை வகுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: சட்ஸ்வர்த், டர்பன்
இணைப்பு: நோட்டுப் பக்கங்களின் படங்கள் 4, வாசிப்புப் படி, மனுவின் ஆங்கிலப் படி.