சிவசமுத்திரம் – தங்கவயல் மின்பாதை: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

இந்தப் பருவத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்த ஒரே செயல்திட்டம் கொடுக்கிறோம். காவிரி விழுகிற சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயல் வரை 1902-ல் இழுத்த மின்பாதைதான் பொருள். தசரா விடுமுறைக்கு முன் ஒரு நாள் பிள்ளைகளைச் சிவசமுத்திரத்துக்கு அழைத்துப் போகிறோம். பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்குத் தங்கவயல் சொந்த ஊர், இல்லாவிட்டால் தாத்தா பாட்டியின் ஊர். அதனால் இந்த வேலையில் உங்கள் உதவி வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். "ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் சிவசமுத்திரம்" என்று செயல்திட்ட ஏடுகளில் எழுதி வருகிறார்கள். அது சரியல்ல. டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் 1897-லேயே ஒரு சிறிய நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. சிவசமுத்திரத்தின் பெருமை தூரத்தில் இருக்கிறது. ஆறு விழும் இடத்தில் செய்த மின்சாரத்தை 92 மைல், அதாவது ஏறக்குறைய 148 கிலோமீட்டர், கம்பியில் கொண்டுபோய் ஒரு சுரங்க ஊரை ஓட்டினார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பிள்ளைகள் இந்த வரியை எழுதட்டும்.

தேவை தங்கவயலில்தான் இருந்தது. ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் சுரங்கங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிக்கொண்டே போயின. ஆழம் கூடக் கூட ஆளையும் பாறையையும் மேலே இழுக்கும் வின்ச், ஊற்றுநீரை இறைக்கும் பம்ப், காற்றழுத்த இயந்திரம், பாறையை இடிக்கும் ஸ்டாம்ப் ஆலை எல்லாமே கூடுதல் சக்தி கேட்டன. அதுவரை நீராவிதான். அருகில் நிலக்கரி கிடையாது. விறகுக்குச் சுற்றுக் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள்.

மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காவிரியைப் பயன்படுத்த முடிவெடுத்தார். பொறியாளர் ஜோலி டி லோத்பினியேர் கனடாவில் பிறந்தவர். மேல்நாட்டு நிலையங்களை நேரில் பார்த்துவிட்டு வந்து திட்டம் போட்டார். நீர் விழுந்து சுழலும் டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் கம்பெனியுடையவை, மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்குடையவை. மத்தூர் ரயில் நிலையம் வரை ரயிலில் வந்தன. அதற்கு மேல் சுமார் 45 கிலோமீட்டர் மாட்டு வண்டியும் யானையும்தான். 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் தங்கவயலை எட்டியது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். பெங்களூருத் தெருவிளக்குக்கு இந்த மின்சாரம் வந்தது 1905 ஆகஸ்டில்தான். தலைநகருக்கு முன்பே சுரங்கத்துக்குப் போனது ஏன் என்று வகுப்பில் கேட்போம். வீட்டிலும் கேளுங்கள்.

கணக்கை மட்டும் பிள்ளைகளே போட வேண்டும், நாங்கள் போட்டுத் தர மாட்டோம். நீங்கள் சரிபார்க்க வசதியாக விடையை இங்கே தருகிறேன். தொடக்கத்தில் 720 கிலோவாட் ஜெனரேட்டர்கள் ஆறு, மொத்தம் 4,320 கிலோவாட். நீர் விழும் உயரம் சுமார் 400 அடி, அதாவது 122 மீட்டர். நூற்றுக்கு 75 பங்கு சக்தி மின்சாரமாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏறக்குறைய 5 கன மீட்டர் நீர் வேண்டும். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று இரண்டரை நொடிக்கு ஒருமுறை காலியாவதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது மின்னழுத்தம். இந்த 4,320 கிலோவாட்டை 2,200 வோல்ட்டில் மூன்று கம்பியில் அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 1,130 ஆம்பியர் ஓடும். 30,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் 83 ஆம்பியர் போதும். கம்பி சூடாகி வீணாகும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் இழப்பு 186-ல் ஒரு பங்காகக் குறைகிறது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாவிட்டால் 92 மைல் நடக்கிற காரியமே இல்லை. இந்த ஒரு கணக்கை முழுதாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு மின்னியல் பாதி முடிந்த மாதிரி என்பது என் கருத்து.

எது கெடும், ஏன் கெடும் என்பதையும் ஏட்டில் எழுத வேண்டும். ஆற்றில் வரும் இலையும் கட்டையும் கால்வாய் வாயிலிலுள்ள கம்பித் தடுப்பை அடைத்தால் டர்பைனுக்குப் போகும் நீர் குறையும். மழைக்கால மணல் டர்பைன் இறக்கைகளை அரிக்கும். சரிவில் இறங்கும் இரும்புக் குழாயின் வால்வைச் சட்டென்று மூடினால் ஓடிவந்த நீர் முட்டி, அழுத்தம் ஏறி, குழாயே பிளக்கலாம். அதனால்தான் மெதுவாக மூட வேண்டும். இடி விழுந்தால் பீங்கான் இன்சுலேட்டர் உடைந்து பாதை முழுவதும் நிற்கும். பாதை நின்றால் சுரங்கத்தில் பம்பும் நிற்கும், அடியில் நீர் ஏறத் தொடங்கும். சுரங்கம் இரவும் பகலும் ஓடியதால் மின்சாரமும் இரவும் பகலும் போக வேண்டியிருந்தது.

இதிலிருந்துதான் அடுத்த பெரிய கதை பிறக்கிறது. காவிரியில் கோடையில் நீர் குறையும், சுரங்கத்தின் தேவை குறையாது. நிலையத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க இந்த இடைவெளியும் பெரிதானது. 1911-ல் விஸ்வேஸ்வரய்யா காலத்தில் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் பாசனத்தோடு இதுவும் ஒரு முக்கியக் காரணம். மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையிலான 1924 காவிரி நீர் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது தங்கவயல் பம்புகளையும் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அருவியின் மறுகரையிலுள்ள கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லியிருக்கிறோம்.

கம்பியின் இரு முனையிலும் கம்பெனி ஊர்கள் உண்டு. சிவசமுத்திரத்தில் மின் ஊழியர்களுக்காக மேட்டின்மேல் எழுந்தது பிளஃப் குடியிருப்பு. அங்கிருந்து கீழே நிலையத்துக்கு இறங்கச் சரிவில் தண்டவாளமும் டிராலியும் போட்டார்கள். தங்கவயல் அதைவிடப் பன்மடங்கு பெரியது. அதிகாரிகளுக்குப் பங்களா, கிளப், மருத்துவமனை; வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு லைன் லைனாகத் தட்டி வீடுகள். 1902-ல் வந்த மின்சாரம் சுரங்க இயந்திரங்களுக்காக வந்தது. "தங்கவயலுக்கு அப்போதே கரண்ட் வந்துவிட்டது" என்று பிள்ளை எழுதினால், எந்த வீட்டுக்கு எப்போது வந்தது என்று கேளுங்கள். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து நடந்த பெரிய வேலைநிறுத்தமும் இந்த ஊரின் வரலாறுதான். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

திவான், பொறியாளர், கம்பெனி ஆகியோரின் பெயர்கள் எந்த நூலகத்திலும் கிடைக்கும். ஷாப்டில், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழியில், இறங்கியவர்களைப் பற்றிய சான்றுகளில் பல உங்கள் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கும். சம்பளச் சீட்டு, டோக்கன், அடையாள அட்டை, லைன் வீட்டு எண் எழுதிய கடிதம், பணி ஓய்வுத் தாள் எதுவானாலும் சரி. அசலைக் கொடுத்தனுப்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். மடிந்த தாளை இழுத்துப் பிரிக்காதீர்கள், மடிப்பிலேயே கிழியும். பிளாஸ்டிக் லேமினேஷன் போடவே கூடாது; அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. பெரியவர்களிடம் பேசும்போது "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தச் சுரங்கம், எந்த ஷிப்ட், எத்தனை மணிக்கு இறங்கினார்கள், கையில் என்ன விளக்கு, தண்ணீர் எங்கே பிடித்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். சுரங்க விபத்தில் ஒருவரை இழந்த வீடாக இருந்தால், அவர்களாகச் சொன்னால் ஒழியக் கேட்க வேண்டாம்.

பயண நாளில் காலை 6 மணிக்குப் பேருந்து புறப்படும். கனகபுரா, மளவள்ளி வழியாகச் செல்வோம். நிலையத்துக்குள் நுழைய கர்நாடக மின்கழகத்தின் அனுமதி வேண்டும், விண்ணப்பித்திருக்கிறோம். கிடைக்காவிட்டால் ககனசுக்கி அருவியின் பார்வை மேடையிலிருந்து பார்ப்போம். மழை நின்றிருந்தால் அருவி மெலிந்திருக்கும். ஆற்று நீரில் ஒரு பகுதி கால்வாய் வழியாக நிலையத்துக்குப் போவதும் அதற்கு ஒரு காரணம். ஆற்றில் யாரும் கால் நனைக்கக் கூடாது. பாறை வழுக்கும், சுழல் உண்டு, மேலே மதகு திறந்தால் நீர் சட்டென்று ஏறும். இதை மீறும் மாணவர் மீதி நேரம் பேருந்திலேயே இருப்பார். மேடையில் குரங்குகள் அதிகம், தின்பண்டத்தைப் பைக்குள் வைத்துக் கொடுத்தனுப்புங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடட்டும்.

இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, பேருந்துப் பயண வாந்தி ஏதேனும் இருந்தால் சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். தங்கவயலில் வேலை செய்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்து, வகுப்புக்கு வந்து பேசச் சம்மதித்தால் அதையும் குறிப்பிடுங்கள். அவரை அழைத்து வரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் பள்ளியே ஏற்பாடு செய்யும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்