கொங்கு வட்டார மாரத்தான் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலத்தில் மாரத்தான் நடத்துபவர்களுக்கும், ஓட்டக் குழுக்களை வழிநடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பாலானவை தடுக்கி விழுந்து வருபவை அல்ல. உடம்பு பழகுவதற்குள் சுமையைக் கூட்டுவதால் வருபவை. முழங்கால்தான் முதலில் மாட்டுகிறது. பிறகு கணைக்கால் எலும்பு, குதிகால், உள்ளங்கால். 2015-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி, ஆயிரம் மணி நேர ஓட்டத்துக்குப் புதியவர்களிடம் சுமார் 18 காயங்கள், பழகியவர்களிடம் சுமார் 8. உங்கள் பந்தயங்களை நிரப்புபவர்களில் புதியவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

வாரத்தில் ஓடும் மொத்தத் தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று குழுக்களில் சொல்லித் தருகிறோம். அது போதாது. 5,205 பேரைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்து 2025-இல் வெளியான ஆய்வில், வார மொத்தம் கூடியதற்கும் காயம் பெருகியதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஒரே ஓட்டத்தின் தூரத்துக்குத்தான் தொடர்பு இருந்தது. கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டியவுடன் காய விகிதம் 64 சதவீதம் கூடியது. இரண்டு மடங்கைத் தாண்டியபோது இரட்டிப்புக்கும் மேலே போனது.

இதை நம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இப்போது 8 கிலோமீட்டர் ஓடுபவர் அடுத்து 8.8, பிறகு 9.7 என்றுதான் ஏற வேண்டும். 21 கிலோமீட்டர் பந்தயத்துக்குத் தயாராக 18-ஐத் தொட ஒன்பது ஏற்றம். மூன்று வாரம் ஏறி நான்காம் வாரம் குறைத்தால் 12 வாரம், பந்தயத்துக்கு முன் தூரத்தைக் குறைத்து ஓட இரண்டு வாரம். ஆக 14 வாரம். பந்தயத்துக்கு எட்டு வாரம் முன்புதான் பதிவைத் திறந்து 21 கிலோமீட்டருக்கு அழைத்தால், அவர் எங்கேயோ தாவியே ஆக வேண்டும். அந்தத் தாவலில்தான் கால் போகிறது.

அதனால் கேட்கிறோம்: பதிவை 16 வாரம் முன்பே திறங்கள். படிவத்தில் "கடந்த 30 நாளில் நீங்கள் ஒரே மூச்சில் ஓடிய அதிகபட்ச தூரம் எவ்வளவு?" என்று கேளுங்கள். கடைசி வாரம் வரை 21-லிருந்து 10 கிலோமீட்டருக்கு மாற, கட்டணமில்லாமல் இடம் கொடுங்கள். பணம் கட்டிவிட்டோமே என்று வலியோடு ஓடுபவர்கள் நிறைய.

குழுக்காரர்களுக்கு: மருதமலைச் சாலையில் ஏற்ற ஓட்டத்தை நீள ஓட்ட வாரத்தில் புதிதாகச் சேர்க்காதீர்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, ஆனால் இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டபடியே சுமை தாங்கி முழங்கால் அடி வாங்குகிறது. எலும்பில் விரல் நுனி அளவு இடத்தில் அழுத்தினால் வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் வலித்தாலோ, இரவில் படுத்தும் வலித்தாலோ அது எலும்பு முறிவின் தொடக்கமாக இருக்கலாம். அவரை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். "மெதுவா ஓடுங்க, சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள்.

பந்தயத்தன்று தொடக்கக் கோட்டில் யாருக்கும் வலி மாத்திரை கொடுக்கவும் வேண்டாம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை வலியை மறைப்பதோடு, நீரிழந்த உடம்பில் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து சில ஓட்டப் பயிற்சியாளர்களும் பிசியோதெரபிஸ்டுகளும்