டோவரிலேயே தொடங்கும் பிரான்ஸ்

ஆசிரியருக்கு,

பிரிட்டனிலிருந்து காரிலேயே சுவிட்சர்லாந்து போய்வருவது பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். மலைகளுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக் கடலைக் கடப்பதற்கும் கொடுத்திருக்கலாம்.

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் கலே துறைமுகம் வரை கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரம். டோவருக்கு அருகே உள்ள ஃபோக்ஸ்டனில் காரைக் கடலடிச் சுரங்க ரயிலில் ஏற்றினால் 35 நிமிடம். அவசரம் இல்லையென்றால் கப்பல்தான் என் கட்சி. ஓட்டுகிறவர் காலை நீட்டி உட்காரலாம். ஆனால் பிரெஞ்சு போலீசார் பாஸ்போர்ட்டைச் சோதிப்பது கலேயில் அல்ல, டோவரிலேயே, கப்பல் ஏறுமுன். கோடை விடுமுறையின் முதல் சனிக்கிழமை அந்த வரிசையில் நின்று பாருங்கள், தெரியும்!

எங்களைப் போல இந்திய பாஸ்போர்ட்டுடன் இங்கே வசிப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா வேண்டும். முதலில் இறங்குவது பிரான்ஸ் என்பதால் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நாட்கள் சமமானால்தான் முதலில் நுழையும் நாடு.

கார் எந்த நாட்டுடையது என்று காட்டும் பழைய 'ஜிபி' ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் முதல் செல்லாது, 'யுகே' வேண்டும். பிரான்சில், வண்டி வழியில் நின்றுபோனால் போட்டுக்கொள்ளும் ஒளிரும் மேலங்கியை டிக்கியில் போட்டு வைத்தால் போதாது, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க். ஒரு நாள் ஓட்டினாலும் ஆண்டுக் கட்டணமேதான். எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

நாய், பூனையோடு கடல் கடப்பவர்களுக்கான விதிகளையும் அடுத்த முறை எழுதச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, லண்டன்